மூன்று கால் ஸ்பார்க் பிளக்: 22,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு

வடசேரியிலிருந்து ஆரல்வாய்மொழி வழியாக வள்ளியூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். வண்டி 125 சிசி பைக். பிக்கப் மந்தமானபோது, சாதாரண பிளக்கைப் போல மூன்று மடங்கு விலை கொடுத்து மூன்று எர்த்து கால் (நடுமுனையிலிருந்து பொறி தாவிப் போகும் உலோகக் கொக்கி) உள்ள பிளக்கை வாங்கி மாட்டினேன். முதல் கிக்கிலேயே ஸ்டார்ட், பிக்கப்பும் நன்றாக வந்தது. மைலேஜ் 48-லிருந்து 52 ஆனது. பார்த்தவர்களிடமெல்லாம் வாங்கச் சொன்னேன்.

ஜூன் மாதம் வந்ததும் மைலேஜ் மறுபடி 47-க்கு இறங்கியது. கழற்றிக்கொண்டு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். "மக்கா, கால் மூணு இருந்தாலும் பொறி ஒரு நேரத்துல ஒண்ணுக்குத்தான் தாவும்" என்றார். உண்மை அதுதான். எந்தக் காலுக்குத் தாவுவது எளிதோ அங்கேதான் ஒவ்வொரு முறையும் பொறி போகும். மூன்று பொறி சேர்ந்து வருவதில்லை. பல்சர் டிடிஎஸ்-ஐ மாதிரி இரண்டு பிளக் வைத்து இரண்டு இடத்தில் தீ மூட்டுவது வேறு சங்கதி.

சந்தேகம் தீர, புதிய சாதாரண பிளக்கைப் போட்டு இரண்டு டேங்க் ஓட்டினேன். அதே 47, அதே பிக்கப். மைலேஜைக் குறைத்தது ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று. தென்மேற்குப் பருவத்தில் மாலை திரும்பும்போது நெஞ்சிலேயே அடிக்கும், மூன்றாம் கியரை விட்டு ஏற முடியாது. முதலில் கிடைத்த முன்னேற்றத்துக்குக் காரணம் தேய்ந்துபோன பழைய பிளக்கை மாற்றியதுதான். அதில் பொறி தாவும் இடைவெளி 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது, 1.1 ஆகியிருந்தது.

அப்புறம் மூன்று கால் பிளக்கையே திரும்ப மாட்டினேன். போன வாரம் கழற்றிப் பார்த்தபோது பீங்கான் மூக்கு பிஸ்கட் நிறத்தில் இருந்தது, எரிவது சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு கால்களின் விளிம்பு மழுங்கியிருந்தது, மூன்றாவது கிட்டத்தட்ட புதிதாகவே இருந்தது. தேய்மானம் பங்கு பிரிவதால் இடைவெளி மெதுவாகத்தான் விரிகிறது. இதன் உண்மையான நன்மை இந்த ஆயுள்தான். பிளக்கை எட்டுவதே பெரும்பாடான கார் இன்ஜினுக்கு அது பெரிய விஷயம். பைக்கில் ஐந்து நிமிட வேலை, சாதாரண பிளக்கே போதும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் தோவாளையில் வண்டி நின்றது. அதற்கும் பிளக் காரணமில்லை, பிளக்கின் மேல் மாட்டும் மூடிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. துடைத்து மாட்டியதும் கிளம்பிவிட்டது.

அடுத்த முறை இன்ஜினுக்கு வேண்டிய ஹீட் ரேஞ்ச் (பிளக் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்ற அளவு) பார்த்து ஒற்றைக் கால் பிளக்கைத்தான் வாங்கப் போகிறேன்.