டெல்டா ஆய்வகத்துக்கு மெர்க் டிஎல்சி அலுமினியத் தகடு: வாங்கலாமா, எப்படிக் காப்பாற்றுவது?

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக ஒரு மருந்து மூலக்கூறையோ அதற்கு நெருங்கிய சேர்மத்தையோ செய்யப்போகிறவர்களுக்கு, மெர்க் நிறுவனத்தின் ‘சிலிக்கா ஜெல் 60 எஃப்254’ அலுமினியத் தகடு கண்டிப்பாக வாங்க வேண்டிய பொருள். டிஎல்சி (மென்படலக் குரோமடோகிராஃபி) என்பது, தகட்டின் மெல்லிய பூச்சில் கரைப்பான் ஏறும்போது கலவையில் உள்ள சேர்மங்கள் தனித்தனிப் பொட்டுகளாக (ஸ்பாட்) பிரிவதைப் பார்க்கும் சோதனை. காசு கூடத்தான். ஆனால் வினை முடிந்ததா, பாதியில் நிற்கிறதா என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். எடுக்க மாதிரியை வெளியே அனுப்பிவிட்டு வழி பார்த்திருக்கும் கல்லூரிகளுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய உதவி. ‘தகடு சரியில்லை’ என்று தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் கேட்கும் குறைகளில் பல, ஐப்பசி கார்த்திகை ஈரம் செய்கிற வேலை. அதைச் சமாளிக்கத் தெரிந்தால் தகடு நன்றாகவே உழைக்கும்.

பெட்டிக்கு 25 தகடு. ஒவ்வொன்றும் 20 செ.மீ.-க்கு 20 செ.மீ. பட்டியல் எண் 1.05554, கேட்டு வாங்கும்போது இந்த எண்ணைச் சொல்லிவிடுங்கள், கண்ணாடித் தகடும் பிளாஸ்டிக் தகடும் வேறு எண்ணில் வருகின்றன. 60 என்பது சிலிக்காவின் துளை விட்டம், 60 ஆங்ஸ்ட்ராம். ‘எஃப்254’ என்றால் 254 நானோமீட்டர் யூவி ஒளியில் பச்சையாக ஒளிரும் பொருள் பூச்சில் கலந்திருக்கிறது. அந்த ஒளியை உறிஞ்சும் சேர்மம் பச்சைத் தரையில் கறுப்புப் பொட்டாகத் தெரியும். பூச்சின் கனம் 0.2 மி.மீ. 2.5-க்கு 5 செ.மீ. துண்டாக வெட்டினால் ஒரு தகட்டில் 32, பெட்டி முழுக்க 800 துண்டு. துண்டுக் கணக்கில் பார்த்தால் விலை அவ்வளவு பயமுறுத்தாது.

வெட்டும்போதுதான் முதல் சேதம். மொட்டைக் கத்தரியால் வெட்டினால் ஓரத்தில் பூச்சு பொரிந்து உதிரும். உதிர்ந்த பக்கம் கரைப்பான் ஒரே சீராக ஏறாது, கோடு சாய்ந்துவிடும், ஓரத்து ஸ்பாட் வளையும். சுத்தமான தாளில் பூச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, ஸ்டீல் ஸ்கேல் பிடித்து, புது பிளேடால் அலுமினியப் பக்கத்திலிருந்து கீறி வெட்டுங்கள். பூச்சில் விரல் படக்கூடாது. விரல் எண்ணெய் கரைப்பானோடு மேலே ஏறி, உச்சியில் ஒரு பட்டையாக நிற்கும். அதை அசுத்தம் என்று எழுதிவைத்த ரெக்கார்டுகள் உண்டு.

இப்போது ஈரத்துக்கு வருவோம். சிலிக்காவின் மேல்பரப்பில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள்தான் சேர்மத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திறந்து கிடக்கும் தகடு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அந்தத் தொகுதிகளைத் தண்ணீர் பிடித்துக்கொள்ள, சேர்மத்துக்குப் பிடி தளர்கிறது. சித்திரையில் ஆர்எஃப் 0.3-ல் (ஸ்பாட் ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்த எண்) நின்ற ஸ்பாட் கார்த்திகையில் அதே கரைப்பானில் இன்னும் மேலே போய் நிற்பதற்குக் காரணம் இதுதான். வெட்டிய துண்டுகளை 110 டிகிரி அவனில் (சூட்டடுப்பில்) அரை மணி நேரம் வைத்து, நீல சிலிக்கா போட்ட டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடி ஜாடியில்) ஆறவிட்டு எடுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாகியிருந்தால் அந்த டெசிகேட்டர் வெறும் ஜாடி; மணிகளையும் அதே அவனில் வறுத்து நீலமாக்கிக்கொள்ளலாம். அன்றைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். ஆர்எஃப் எண்ணை மட்டும் எழுதினால் மழைக்காலத்தில் அதற்கு மதிப்பில்லை. தொடக்கப் பொருளை அதே துண்டில் பக்கத்தில் வைத்து ஓட்டினால், இரண்டும் ஒரே ஈரத்தில்தான் ஓடும், ஒப்பிடலாம்.

கோடையில் சிக்கல் வேறு மாதிரி. டைகுளோரோமீத்தேனின் கொதிநிலை சுமார் 40 டிகிரி. திருச்சி வெயிலில் ஏசி இல்லாத ஆய்வகத்தில் அது சேம்பருக்குள்ளேயே (தகட்டை ஓட்டும் மூடிய ஜாடிக்குள்ளேயே) ஆவியாகிவிடும்; காலையில் கலந்த டைகுளோரோமீத்தேன்–மெத்தனால் மதியத்துக்குள் வேறு கலவையாகிவிடும். அந்த மாதங்களில் ஹெக்சேன்–எத்தில் அசிடேட் போதுமென்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அதையும் அன்றன்றைக்குப் புதிதாகக் கலப்பது நல்லது.

ஓட்டும் முறை எளிது, ஆனால் அளவு தவறக்கூடாது. அடியிலிருந்து 0.8 செ.மீ.-ல் பென்சில் கோடு. பேனா மை கரைந்து ஏறிவிடும். ஒரு மி.லி. கரைப்பானில் 10 மி.கி. சேர்மம் போதும். மெல்லிய கேபிலரியால் (நுண் கண்ணாடிக் குழாயால்) தொட்டு எடுத்தால் 1 முதல் 2 மி.மீ. பொட்டு விழ வேண்டும். அதற்குமேல் பெரிதாக ஸ்பாட் போட்டால் நீண்ட கறை வரும், நெருக்கமான இரண்டு சேர்மம் ஒன்றாகத் தெரியும். சேம்பரில் கரைப்பான் அரை செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம், ஸ்பாட் மூழ்கினால் எல்லாம் கீழே கரைந்துவிடும். உள்சுவரில் ஒரு ஃபில்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, மூடி, பத்து நிமிடம் விட்டபிறகே துண்டை இறக்குங்கள். மூன்று தடம் போடுங்கள்: இடப்பக்கம் தொடக்கப் பொருள், வலப்பக்கம் வினைக்கலவை, நடுவில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக. நடுத்தடம் இல்லாமல், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஸ்பாட் ஒன்றா வேறா என்று அடித்துச் சொல்ல முடியாது.

பிஜினெல்லி வினையை எடுத்துக்கொள்வோம். 1891-ல் வந்த வினை. எத்தில் அசிட்டோஅசிடேட், ஓர் ஆல்டிஹைடு, யூரியா அல்லது தயோயூரியா மூன்றும் ஒரே குடுவையில் சேர்கின்றன. 3-ஹைட்ராக்சிபென்சால்டிஹைடும் தயோயூரியாவும் போட்டால் மொனாஸ்ட்ரோல் கிடைக்கும். செல் பிரியும்போது வேலை செய்யும் இஜி5 என்ற மோட்டார் புரதத்தை அது தடுக்கிறது என்று 1999-ல் கண்டார்கள். ஹெக்சேனும் எத்தில் அசிடேட்டும் சரிபாதி கலந்து ஓட்டினால், ஆல்டிஹைடு மேலே, விளைபொருள் அதற்குக் கீழே, தயோயூரியா கோட்டிலேயே. கோட்டில் கறை நிற்கிறதே என்று வினையை நீட்டாதீர்கள். பார்க்க வேண்டியது மேலே உள்ள ஆல்டிஹைடு மறைந்ததா என்பதை. சந்தேகம் இருந்தால் 2,4-டிஎன்பி கரைசலைத் தெளியுங்கள், மிச்ச ஆல்டிஹைடு மஞ்சள்–ஆரஞ்சாகக் காட்டிக்கொடுக்கும். வினையை, எளிதில் ஆவியாகாத கரைப்பான்களான டிஎம்எஃப்-லோ டிஎம்எஸ்ஓ-விலோ செய்தால் நேராக ஸ்பாட் போட வேண்டாம், எல்லாம் இழுத்துக்கொண்டு போகும். சின்னக் குப்பியில் இரண்டு சொட்டு கலவை, கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் எத்தில் அசிடேட் விட்டுக் குலுக்கி, மேலடுக்கிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

இந்தத் தகட்டின் உண்மையான பலவீனம் அமீன்களிடம் தெரியும். நம் பக்கத்து வேலிகளில் நிற்கும் ஆடாதோடையின் வாசிசின் ஓர் அல்கலாய்டு. அதன் அமைப்பைப் பின்பற்றித்தான் சளி மருந்தான புரோம்ஹெக்சினை வடிவமைத்தார்கள், புரோம்ஹெக்சின் உடலில் மாறிக் கிடைப்பது ஆம்ப்ராக்சால். இந்த வகைச் சேர்மங்களில் கார நைட்ரஜன் இருக்கிறது, சிலிக்கா அமிலத்தன்மை உள்ளது. இரண்டும் ஒட்டிக்கொள்ள, ஸ்பாட் வால் விடும், சிலசமயம் கோட்டை விட்டே நகராது. கரைப்பான் 10 மி.லி.-க்கு 0.1 மி.லி. ட்ரைஎத்திலமீன் சேருங்கள், வால் சுருங்கி உருண்டைப் பொட்டாகும். யூவியில் பார்க்குமுன் ஹேர் டிரையரால் நன்றாக உலர்த்த வேண்டும். அல்கலாய்டுதானா என்று உறுதிசெய்ய டிராகன்டார்ஃப் கரைசல். ஆரஞ்சு நிறம் வரும். ஆஸ்பிரின், சாலிசிலிக் அமிலம் போன்றவை அமிலங்கள்; அவற்றில் வால் வேறு காரணத்தால் வருகிறது. அங்கே இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம். ஆஸ்பிரின் செய்தபின் ஃபெரிக் குளோரைடை மெல்லத் தெளித்தால், மிச்ச சாலிசிலிக் அமிலம் மட்டும் ஊதாவாகும்.

அலுமினியத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. அடர் அமிலம் கலந்த கரைசலில் முக்கினால் உலோகம் அரித்து, குமிழ் விட்டு, பூச்சு உரியும். மெத்தனாலில் 10 சதவீத சல்ஃப்யூரிக் அமிலத்தைத் தெளித்துச் சூடாக்கலாம். அதைவிடக் கடுமையாக வேண்டுமென்றால் கண்ணாடித் தகடுதான்.

கையால் பூசிய தகடு போதாதா என்பவர்களுக்கு: சிலிக்கா ஜெல் ஜி 30 கிராமை 60 மி.லி. தண்ணீரில், மாக்கோலத்துக்குக் கரைப்பதுபோலக் கட்டியில்லாமல் குலுக்கி, அப்ளிகேட்டரில் 0.25 மி.மீ. வைத்து இழுத்தால் 20-க்கு 20 செ.மீ. கண்ணாடி ஐந்து பூசலாம். உள்ளே இருக்கும் ஜிப்சம் சில நிமிடங்களில் இறுகிவிடும், கை சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். இளங்கலை மாணவர்கள் கற்க அது மிக நல்லது, ஒவ்வொரு கல்லூரியிலும் தொடர வேண்டும் என்றே விரும்புகிறோம். ஆனால் யூவியில் பார்க்க எஃப்254 கலந்த தூள் தனியாக வேண்டும். பூச்சின் கனமும் தகட்டுக்குத் தகடு மாறும். ஆர்எஃப் 0.3-ஐ நம்பி, சிலிக்கா நிரப்பிய குழாயில் கலவையைப் பிரிக்கும் (காலம் குரோமடோகிராஃபி) வேலைக்கு அது ஒத்துவராது.

ஒரே ஒரு ஸ்பாட் வந்துவிட்டது, சேர்மம் தூய்மை என்று முடிவு கட்டாதீர்கள். குணம் வேறான இரண்டு கரைப்பான் கலவைகளிலாவது ஓட்டுங்கள். சிலிக்காவிலேயே சிதைகிறதோ என்று தோன்றினால் சதுரத் துண்டின் ஒரு மூலையில் ஸ்பாட் போட்டு ஓட்டி, உலர்த்தி, 90 டிகிரி திருப்பி அதே கரைப்பானில் மறுபடி ஓட்டுங்கள். சிதையாத சேர்மம் எல்லாம் மூலைவிட்டத்தில் நிற்கும், விலகி நிற்கும் பொட்டு ஓடும்போது உண்டானது.

வாங்கும்போது முழுப் பெட்டியாக, லேபிளும் லாட் எண்ணும் உள்ளதாக வாங்குங்கள். உதிரித் தகடு எந்தக் காற்றில் எத்தனை நாள் கிடந்தது என்று தெரியாது. முழுப் பெட்டி கட்டுபடியாகாத துறைகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வாங்கி, உலர்ந்த ஜிப் கவரில் நீல மணிகளோடு பிரித்துக்கொள்ளலாம். பெட்டியை ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியாவும் இருக்கும் அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். அந்த ஆவியைக் குடித்த தகட்டை 110 டிகிரியில் எவ்வளவு வைத்தாலும் பழையபடி திரும்புமென்று நம்ப முடியாது.