ஹார்சா கிளைடர் மாதிரித் தொகுப்பு: மதிப்புரை

பெங்களூரு ஜெயநகரில் உள்ள ஒரு மாதிரி விமானக் கடையில் வாங்கிய 1:72 அளவு ஹார்சா (இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் படைவீரர்களை இறக்கப் பயன்படுத்திய கிளைடர்) தொகுப்பு, அந்தக் கிளைடரின் விமானி ஜிம் வால்வொர்க்கின் போர்க்காலப் பணியை மதிக்கும், மாதிரி செய்து பழகியவர்களுக்கு ஏற்றது.

1944 ஜூன் 6 அன்று, நள்ளிரவு கடந்து 16 நிமிடங்களில், துணை விமானி எயின்ஸ்வொர்த் கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ணிச் சொல்ல, எஞ்சினே இல்லாத இந்த மர விமானத்தைக் கும்மிருட்டில் பிரான்சின் நார்மண்டியிலுள்ள கான் கால்வாய்ப் பாலத்துக்கு ஏறத்தாழ 50 மீட்டர் அருகில் இறக்கினார் வால்வொர்க். மோதிய வேகத்தில் இருவரும் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வீசப்பட்டனர். ஆயினும் நினைவு திரும்பியதும் வால்வொர்க் காயத்தோடு தோட்டாப் பெட்டிகளைச் சுமந்தார். தரையிறங்கிய பின் காலாட்படை வீரராகவும் போரிட வேண்டும் என்பதே கிளைடர் விமானிகளுக்கு அளிக்கப்பட்ட பயிற்சி. சிசிலி, ஆர்னெம், ரைன் ஆகிய களங்களிலும் பறந்த அவருக்கு டிஸ்டிங்விஷ்டு ஃப்ளையிங் மெடல் என்ற வீரப் பதக்கம் வழங்கப்பட்டது.

ஆகவே என் கவனம் முதலில் விமானி அறைக்கே சென்றது. பக்கம் பக்கமாக அமைந்த இரு இருக்கைகளும், விமானிகளுக்கு முன்னால் மெல்லிய கண்ணாடி தவிர வேறு காப்பே இல்லாத மூக்குப் பகுதியும் மிக நேர்த்தியாக வார்க்கப்பட்டுள்ளன. ஒட்டி முடித்தால் இறக்கை அகலம் சுமார் 37 செ.மீ. வரும், அசலில் அது 26.8 மீட்டர்.

குறையும் உண்டு. செங்குத்தான சரிவில் இறங்க உதவிய பெரிய மடிப்புத் தகடுகள் (ஃப்ளாப்) இறக்கையோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருப்பதால், தரையிறங்கும் நிலையை விரும்புவோர் அவற்றை அறுத்தெடுத்து மீண்டும் பொருத்த வேண்டியிருக்கும். இறக்கை இணைப்பில் இடைவெளி தெரிவதால் நிரப்புப் பசையும் தேவைப்படும். முதன்முறை மாதிரி செய்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.