ரேயான் குர்த்தி: மூணு வெயில் காலம் போட்ட பிறகு

அக்குளில் கிழிந்த குர்த்தியைத் தையல்கார அக்காவிடம் ஒட்டுப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வழியில் எதிர்வீட்டுத் தோழி பிடித்துக்கொண்டாள். "ரேயான் நல்லாருக்குமா, எடுக்கலாமா?" கேட்ட நேரம் சரியில்லை.

உடுத்தும் சுகத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பருத்தி தன் எடையில் 8 சதவீதம் போல ஈரம் பிடித்தால் ரேயான் 11 முதல் 13 வரை பிடிக்கும், சித்திரை வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது அந்த வித்தியாசம் உடம்புக்கே தெரியும். துணி பட்டு மாதிரி வழிந்து விழும். நைலான் கூட்டத்தில் சேர்த்துப் பேசுகிறார்கள், அது தப்பு. மரக்கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்து, பொடித் துளை வழியே அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சி மறுபடி நூலாக்குகிறார்கள், அவ்வளவுதான். பருத்தியில் இருக்கும் அதே செல்லுலோஸ் என்கிற தாவர நார்ப்பொருள்தான் இதிலும்.

ஆனால் தண்ணீர்! பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும், இது நனைந்தால் பலத்தில் பாதி போய்விடும். கரைத்து மறுபடி நூற்றதில் செல்லுலோஸ் சங்கிலிகள் குட்டையாகி நெருக்கமும் குறைந்துவிடுவதால் தண்ணீர் சுலபமாக நடுவில் புகுந்து பிடியைத் தளர்த்திவிடுகிறது. இதைக் கடையில் ஒருத்தராவது சொல்ல வேண்டாமா? நான் பாட்டுக்கு அம்மா துவைத்த மாதிரியே ஊறவைத்து, கல்லில் கும்மி, முறுக்கிப் பிழிந்து, கொடியில் தொங்கவிட்டேன். முதல் துவைப்பிலேயே ஒன்று முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது, இன்னொன்று தண்ணீர்ப் பாரத்தில் தோள்பட்டை தொங்கிப்போனது, மூன்றாவதுதான் இந்தக் கிழிசல். இப்போது பிழிவதே இல்லை, துண்டில் சுருட்டி அமுக்கிவிட்டு நிழலில் பாய்மேல் விரிக்கிறேன். ஒரு குர்த்திக்கு இத்தனை உபசாரம், மாப்பிள்ளைக்குக்கூடக் கிடையாது.

மூங்கில் துணி என்று விலை கூட்டி விற்கிறார்களே, அதில் பெரும்பாலானது இதே விஸ்கோஸ் ரேயான்தான், கூழ் மட்டும் மூங்கில். மரக்கூழிலேயே செய்யும் இன்னொரு துணியான லியோசெல் நனைந்தாலும் பலம் அவ்வளவாகக் குறையாது என்பது நிஜம், ஆனால் விலை அதிகம், உரசிக்கொண்டே இருந்தால் மேலே சன்னமாக இழை கிளம்பும்.

தோழியிடம் "எடுக்காதடி" என்று சொல்லிவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் கல்லையும் முறுக்கிய என் கையையும்தான் திட்ட வேண்டும், ஆனால் ஒட்டுப் போட 60 ரூபாய் கொடுத்துவிட்டு வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கேட்டபோது நான் உடுத்தியிருந்ததும் ரேயான்தான், அதை அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை.