சபாத்தாவின் ‘இறுதி இராவுணவு’: கேன்வாஸ் பிரதி குறித்த மதிப்புரை

பெரு நாட்டின் குஸ்கோ பேராலயத்தில் உள்ள, மார்கோஸ் சபாத்தா 1753இல் தீட்டிய ‘இறுதி இராவுணவு’ (இயேசு தம் சீடர்களோடு உண்ட கடைசி உணவு) ஓவியத்தின் கேன்வாஸ் பிரதி ஒன்றை இணையத்தில் வாங்கி, நான்கு மாதங்களாகச் சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். துணி கெட்டியானது, சட்டகம் கோணவில்லை, நிறமும் மங்கவில்லை.

இந்த ஓவியத்தை வாங்கத் தூண்டியது மேசையின் நடுத்தட்டில் மல்லாந்து கிடக்கும், கொறிக்கும் சிறு விலங்கான கினிப்பன்றிதான். விஸ்காச்சா என்ற மலைவிலங்கு அது என்பாரும் உண்டு. ஸ்பானியர் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஆண்டிஸ் மக்கள் கினிப்பன்றியை வீட்டில் வளர்த்து உண்டார்கள், சடங்குகளில் பலியும் கொடுத்தார்கள். எனவே யூதர்களின் பாஸ்கா விருந்துக்குப் பலியிடும் ஆட்டுக்குட்டி இருக்க வேண்டிய இடத்தில் சபாத்தா அதை வைத்ததை வேடிக்கையாக எண்ண முடியவில்லை. பலி என்றால் என்னவென்று தம் மக்களுக்குத் தெரிந்த மொழியிலேயே அவர் சொல்லியிருக்கிறார். பிரதியில் அந்தத் தட்டு மிகத் துல்லியமாக வந்திருக்கிறது.

உடன் வந்த குறிப்பட்டை இதை டா வின்சியின் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தின் நகல் என்கிறது. அது தவறு. டா வின்சி எல்லோரையும் மேசையின் ஒரே பக்கத்தில் அமர்த்தினார். இங்கே சீடர்கள் மேசையைச் சூழ்ந்திருக்கிறார்கள். குஸ்கோ ஓவியர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சுப்படங்களைப் பார்த்துப் பயின்றவர்கள்; 1688இல் ஸ்பானிய ஓவியர்களிடமிருந்து பிரிந்த பிறகு, தங்கள் வழியிலேயே வரைந்தார்கள். அந்த மரபில் வந்த சபாத்தா 1755இல் அதே பேராலயத்துக்காக, மரியாளைப் போற்றும் லொரேத்தோ மன்றாட்டுமாலையை ஐம்பது ஓவியங்களாக, சிப்ரியானோ குத்தியெரஸுடன் சேர்ந்து தீட்டினார்.

என் உண்மையான வருத்தம் வேறு. சட்டக அளவுக்குப் பொருத்துவதற்காக ஓவியத்தின் அடிப்பகுதியை வெட்டியிருக்கிறார்கள். முன்வரிசையில், இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸ் மேசையை விட்டு முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கிறான்; அவன் கையில் பணப்பை இருக்கிறது. அவனுக்கு ஸ்பானியத் தளபதி பிசாரோவின் முகச்சாயல் என்று குஸ்கோவில் சொல்வார்கள். இன்கா அரசை வீழ்த்தியவனின் முகத்தை, இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனிடம் அந்த ஊர் மக்கள் கண்டதற்குப் பொருள் தருவதே அந்தப் பைதான். என் பிரதியிலோ பை பாதியோடு நின்றுவிட்டது. பின்புல இருளையும் வெளுக்கச் செய்திருப்பதால் மேசையின் மீது விழும் ஒளி தன் வலிமையை இழந்துவிட்டது.

வாங்க நினைப்பவர்கள், வெட்டாத முழு ஓவியம்தானா என்று விற்பனையாளரிடம் முதலில் கேட்டு, கீழ்விளிம்பின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.