டோம் கீப்பர்: 200 மணித்தியாலச் சுமை

2022 செப்டெம்பர் கடைசியில் டோம் கீப்பர் என்ற கணினி கேம் வெளியானபோது, கொழும்பில் நாங்கள் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் நாளைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தோம். டொலர் 360 ரூபாவைத் தாண்டி நின்ற காலம். கேமுக்குக் காசு செலவழிப்பதென்றால் வீட்டில் யாரும் கேட்காவிட்டாலும் மனம் கேட்கும். அதனால் நான் உடனே வாங்கவில்லை. அடுத்த வருடம் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் தள்ளுபடி வந்தபோது வாங்கினேன். இப்போது என் கணக்கில் 200 மணித்தியாலத்துக்கு மேல் காட்டுகிறது. இதற்கு முன் எந்த கேமையும் இவ்வளவு நேரம் விளையாடியதில்லை. வாங்கிய கிழமையில் எழுதியிருந்தால் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தெரியாத ஒரு கிரகத்தில் கண்ணாடிக் கவிகை ஒன்று வந்து இறங்குகிறது. அதுதான் டோம். உள்ளே ஒரே ஒரு ஆள். டோமுக்கு நேர்கீழே நிலத்தைத் தோண்டி இரும்பு, தண்ணீர், கோபால்ட் மூன்றையும் மேலே கொண்டுவர வேண்டும். இடையிடையே பிராணிகள் கூட்டமாக வந்து டோமைத் தாக்கும். அதற்குள் மேலே ஏறி வந்து ஆயுதத்தைப் பிடிக்க வேண்டும். கூட்டம் அழிந்ததும் மறுபடி கீழே இறங்கலாம். ரெலிக் ஹன்ட் என்ற பிரதான முறையில், ஆழத்தில் எங்கோ புதைந்திருக்கும் ரெலிக் என்ற புராதனப் பொருளைத் தேடி எடுத்து டோமுக்குக் கொண்டுவர வேண்டும். நடுவில் டோம் உடைந்தால் அதோடு சரி. அடுத்த தடவை நிலமும் புதிது, நீங்களும் வெறுங்கையோடுதான் தொடங்குவீர்கள்.

இதைச் செய்தது பிப்பின்பிட்ஸ் என்ற சின்ன ஜெர்மன் குழு. வெளியிட்டது ரா ஃப்யூரி. 2021 ஏப்ரலில் நடந்த 48ஆவது லூடம் டேரில் இதன் முதல் வடிவம் பிறந்தது. அது சில நாட்களுக்குள் ஒரு முழு கேமைச் செய்து முடிக்கும் இணையப் போட்டி. அந்த முறை கொடுத்த தலைப்பு, 'இன்னும் ஆழமாக, இன்னும் ஆழமாக' என்ற பொருளில் அமைந்தது. டோம் ரொமான்டிக் என்பது அப்போது அதன் பெயர். கோடோ என்ற இலவச, திறந்த மூல கேம் எஞ்சினில் செய்தது, பழைய லெப்டொப்பிலும் ஓடுகிறது. என்னுடையதில் தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை, மின்விசிறியும் சத்தம் போடும். ஆனாலும் படம் ஒரு நாளும் திக்கியதில்லை. ஒன்றிரண்டு புதிய கேம்கள் தொடங்குவதற்கே மறுத்த இயந்திரம் இது.

தோண்டுவதும் சுடுவதும் வேறு கேம்களிலும் இருக்கின்றன. இதில் என்னைப் பிடித்து வைத்திருப்பது சுமப்பதுதான். கல்லை உடைத்ததும் இரும்புக் கட்டி தானாகக் கணக்கில் ஏறிவிடாது. அதை எடுத்தால் உங்கள் ஆளின் பின்னால் ஒரு கோட்டில் கட்டித் தொங்கும். ஒன்றோடு வேகம் கொஞ்சம் குறையும். மூன்று நான்காகிவிட்டால் ஆள் தவழத் தொடங்குவார். மேலே போய்ச் சேரும்வரை அந்த இரும்பு உங்களுடையது இல்லை. கீழே இன்னும் ஒரு கட்டி மின்னுகிறது, திரையின் மேலே அடுத்த தாக்குதலுக்கான நேரக்கோடு நகர்கிறது. அதையும் எடுப்பதா, இருப்பதோடு ஏறுவதா? ஒரு ஆட்டத்தில் இந்தக் கேள்வி நூறு தடவையாவது வரும். நூறு தடவையும் பதில் ஒன்றாக இராது.

என் ஒபிஸ் கோட்டையில். புறக்கோட்டைப் பக்கம் நடந்துபோகும்போது கெய்சர் வீதியில் நாட்டாமிமார் கைவண்டிலில் மூட்டை அடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் இன்னும் ஒரு மூட்டையைத் தூக்கிவந்து வண்டிலோரம் நிற்பார். வண்டில்காரர் சக்கரத்தைப் பார்ப்பார், தெருவில் நிற்கிற லொறியைப் பார்ப்பார், வேண்டாம் என்று கையசைப்பார். அந்தக் கணக்கு இரண்டு செக்கனில் முடியும். டோம் கீப்பர் விளையாடத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கையசைப்பில் எவ்வளவு அனுபவம் இருக்கிறது என்று புரிந்தது. சுமையின் எடை, போகவேண்டிய தூரம், வழியில் என்ன இருக்கிறது, எத்தனை மணிக்குள் போய்ச் சேரவேண்டும், எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது.

போன மாதம் ஆடிய ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். பெரிய வரைபடம், லேசரை ஆயுதமாகக் கொண்ட டோம். கண்ணாடியில் பாதிக்கு மேல் விரிசல். திருத்த கோபால்ட் வேண்டும், கையிருப்பில் ஒன்றும் இல்லை. நடுச்சுரங்கத்தின் ஆழத்தில், இடது கிளையின் கடைசியில், இரண்டு கோபால்ட் கிடைத்தது. அதற்கு முன்பே நான்கு இரும்பைக் கட்டியிருந்தேன். இன்னும் இரண்டு இரும்பு இருந்தால் லேசரின் வேகத்தைக் கூட்டலாம், அதற்காகத்தான் இறங்கியதே. ஆறு கட்டியோடு ஏறத் தொடங்கினால் ஆள் நகரவே மாட்டேன் என்கிறார். நேரக்கோட்டில் கால்வாசிதான் மிச்சம். கிளையின் வாசலிலேயே நான்கு இரும்பையும் விட்டுவிட்டு கோபால்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினேன். டோமுக்குள் கால் வைக்கவும் முதல் பிராணி கண்ணாடியில் மோதவும் சரியாக இருந்தது. கோபால்ட்டைப் போட்டு விரிசலை அடைத்துவிட்டு லேசரைப் பிடித்தேன். கீழே விட்ட இரும்பு அப்படியே கிடக்கும், எங்கேயும் போகாது. அடுத்த இறக்கத்தில் அதை அள்ளிக்கொண்டேன். முதல் 20 மணித்தியாலத்தில் நான் அதை விட்டிருக்கவே மாட்டேன்.

சண்டைப் பகுதி இவ்வளவு ஆழமில்லை, ஆனாலும் சும்மா வைத்ததும் இல்லை. லேசர், டோமின் வளைவில் ஓடும். இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு உச்சியைச் சுற்றித்தான் போகவேண்டும். என் முதல் தோல்வி இதனால்தான். இடது பக்கம் நடந்து வந்தவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தேன், வலது பக்கம் பறந்து வந்த இரண்டு கண்ணாடியைப் பிளந்துவிட்டன. லேசரின் பலத்தைக் கூட்டுவதா, அது நகரும் வேகத்தைக் கூட்டுவதா என்பதில் நான் எப்போதும் வேகத்தின் பக்கம். வாள் டோம் முற்றிலும் வேறு கை. அதில் வாளை வளைவின் மேல் வீசி வெட்டவும், நேராக எறிந்து குத்தவும் வேண்டும். பழக நாளெடுக்கும். பழகிய பிறகு அதுவே எனக்குப் பிடித்த டோமாகிவிட்டது. பீரங்கி டோமும் டெஸ்லா டோமும் பிறகு சேர்ந்தவை. அவற்றை நான் அவ்வளவாகத் தொடுவதில்லை.

தொடக்கத்தில் ஒரு துணைக் கருவியைத் தேர்ந்தெடுக்கலாம். கவசம் வைத்தால் முதல் அடிகளை அது தாங்கும். புதிதாக வருபவர்களுக்கு அதுதான் நல்லது. ரிப்பெலன்ட் பிராணிகளின் வருகையைத் தாமதமாக்கும், கீழே கூடுதல் நேரம் கிடைக்கும். ஓர்ச்சர்ட் பழம் தரும், அதைச் சாப்பிட்டால் கொஞ்ச நேரம் வேகம் கூடும். நான் பெரும்பாலும் ரிப்பெலன்ட்டை எடுப்பேன். சுமக்கும் வேலைக்கு நேரத்தை விடப் பெரிய உதவி இல்லை.

தோண்டுவதில் நான் கண்ட ஒரு முறையைச் சொல்லியாகவேண்டும். நடுவில் நேராக ஒரு சுரங்கம் இறக்கி, அதிலிருந்து இடமும் வலமும் கிளை பிரியுங்கள். ஒரு கிளைக்கும் அடுத்த கிளைக்கும் நடுவே இரண்டு வரிசைக் கல்லை உடைக்காமல் விடுங்கள். தோண்டிய இடத்தை ஒட்டிய கல்லில் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும் என்பதால், மேல் கிளையிலிருந்து ஒரு வரிசையும் கீழ்க் கிளையிலிருந்து மற்ற வரிசையும் தெரிந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு கல்லை உடைத்து முழு நிலத்தையும் பார்த்துவிடலாம். ஆழம் போகப்போகக் கல் கடினமாகும், ஒவ்வொரு கல்லும் கணக்கு. இந்த முறையில் போனால் புதைந்திருக்கும் அறைகளும் தப்பாது. அவற்றில் கிடைக்கும் கருவிகள்தான் ஆட்டத்தின் போக்கையே மாற்றுபவை. கட்டிகளைத் தானாக மேலே ஏற்றும் லிஃப்ட் கிடைத்த ஆட்டமும் கிடைக்காத ஆட்டமும் இரண்டு வெவ்வேறு கேம் மாதிரி.

எஞ்சினியர், அசெசர் என்று இரண்டு ஆட்களில் ஒருவரை எடுக்கலாம். மேலே சொன்னதெல்லாம் எஞ்சினியர். அசெசர் துள்ளித் திரியும் பந்துகளை எறிந்து கல்லை உடைப்பவர். கட்டிகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து எடுப்பதால் அவருக்குச் சுமை வேறு மாதிரி. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தக் கோடு இழுபடும் பாரம் எனக்கு எஞ்சினியரில்தான் கைக்குத் தெரிகிறது.

இதை ரோக்லைக் என்கிறார்கள். 1980இல் வந்த ரோக் கேமின் வழியில், ஒவ்வொரு முறையும் புது வரைபடம், தோற்றால் எல்லாம் போய்விடும் என்பதால் அந்தப் பெயர். 2008இல் பெர்லினில் கூடியவர்கள் எழுதிய வரையறையில் முறை வைத்து ஆடுவதும் ஒரு அம்சம். அப்படிப் பார்த்தால் இது முழுப் பொருத்தமில்லை. பெயர் எதுவாக இருந்தாலும் சரி, தோற்றால் இழப்பது அந்த ஓர் ஆட்டத்தை மட்டுமே என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய வசதி. நடுத்தர வரைபடம் ஒன்றை இரவுச் சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் இடையில் முடிக்கலாம்.

குறை சொல்லாமல் விட முடியாது. மிகப் பெரிய வரைபடங்களில் நடுப்பகுதி இழுக்கிறது. தோண்டும் ட்ரில்லின் பலம் நன்றாக ஏறிய பிறகு, இரும்பு தேவைக்கு மேல் குவிந்த பிறகு, ரெலிக் இன்னும் கண்ணில் படாவிட்டால், அதே கிளையை அதே மாதிரித் தோண்டிக்கொண்டே போகவேண்டும். அந்த நேரத்தில் சுமக்கும் கேள்வியே மறைந்துவிடுகிறது, எதை விட்டாலும் நட்டமில்லை. கேமின் உயிர் பற்றாக்குறையில் இருக்கிறது. அது தீர்ந்ததும் கை மட்டும் வேலை செய்கிறது. அதனால் நான் மிகப் பெரிய வரைபடங்களைக் கைவிட்டுவிட்டேன். இரண்டாவது, நூறு மணித்தியாலம் தாண்டிய பிறகு, இரும்பைக் கொடுத்துக் கருவிகளின் பலத்தைக் கூட்டும் அப்கிரேட்களை வாங்கும் வரிசை எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். முதலில் ட்ரில், பிறகு சுமக்கும் பலம், பிறகு ஆயுதம். கில்ட் அசைன்மென்ட் என்று விசேட நிபந்தனைகளோடு வரும் ஆட்டங்கள் இந்தப் பழக்கத்தை உடைக்கின்றன. நான் திரும்பி வந்ததே அவற்றுக்காகத்தான். புள்ளி சேர்க்கும் பிரெஸ்டிஜ் முறை எனக்கு ஒட்டவில்லை.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட. காலி வீதிப் பக்கத்திலிருந்து இரவில் கொத்துரொட்டித் தகடு தட்டும் சத்தம் வரும், நடுவில் ரயில் போகும். இயர்போன் போட்டுக்கொண்டு கீழே இறங்கியதும் அத்தனையும் அடங்கி, கல் உடையும் சத்தமும் மெல்லிய இசையும் மட்டும் இருக்கும். மேலே வந்ததும் அந்த அமைதி போய்விடும். நாள் முழுக்கக் கணக்குப் பார்த்த தலைக்கு அந்தக் கீழ் அமைதி எவ்வளவு இதம் என்று சொல்லித் தெரியவைக்க முடியாது.

அக்காவின் மகன் தமிழ் மொழிமூலம் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். சனிக்கிழமைகளில் வருவான். கேமில் தமிழ் இல்லை, அவனுக்கு ஆங்கிலம் இன்னும் தடுமாற்றம். ஆனால் இதில் வாசிக்க வேண்டியது குறைவு. ட்ரில் படம், பாரம் தூக்கும் படம், பக்கத்தில் எத்தனை இரும்பு என்ற எண். அரைமணித்தியாலத்தில் பிடித்துக்கொண்டான். பின்னால் இருந்து பார்த்தபோது அவன் ஒவ்வொரு முறையும் ஒரு இரும்பைச் சுரங்கத்தின் வாயருகிலேயே விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் மேலே கொண்டுபோவதைக் கண்டேன். "அதை ஏன் விடுறாய், அந்தா கிட்டத்தானே டோம்" என்றேன்.

"அது இருக்கட்டும் மாமா. அவசரத்துக்கு ஒரு அப்கிரேட் வாங்க இரும்பு போதாட்டி, கீழ போகாம ஓடி எடுத்திட்டு வரலாம்."

கையில் இருந்தால் அதைச் செலவழித்துவிடுவானாம், அதனால் வெளியே வைக்கிறானாம். மூன்று இரும்பு சேர்ந்ததும் அவன் அவற்றைத் தொடவே இல்லை. அன்றைக்குக் கடைசி அலையில் கவசம் இறங்கி, கண்ணாடி சிவந்து, நான் முடிந்தது என்று நினைத்தபோது, இரண்டு தாக்குதலுக்கு நடுவே இறங்கி மூன்றையும் ஒரே இழுவையில் கொண்டுவந்து லேசரின் வேகத்தை ஏற்றிவிட்டான். இப்போது என் சுரங்க வாயிலும் மூன்று இரும்பு கிடக்கும்.