ஒரு பரப்பு வெறுங்காணி: தோட்டமா, குறுங்காடா?

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பரப்பு (ஏறக்குறைய 250 சதுர மீற்றர்) வளவு சும்மா கிடக்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில். உள்ளே நாயுருவி, சொப்பிங் பை, மாரியில் நுளம்பு பெருகும் சிரட்டைகள். துப்புரவாக்கிப் பச்சையாக்க எல்லாருக்கும் சம்மதம். எதை நடுவது என்பதில்தான் இழுபறி.

மரக்கறித் தோட்டம் என்றால் பலன் கண்முன்னே. கீரை நாலு கிழமையில் பிடுங்கலாம். காணியைத் திருப்பிக் கேட்டாலும் பெரிய நட்டமில்லை. ஆனால் சித்திரை வெயிலில் நாள்தோறும் ஆர் தண்ணி இறைப்பது? முதல் மாதம் பத்துப் பேர் வருவினம், பிறகு இரண்டு ஆச்சிமார்தான்.

குறுங்காடு என்பது சின்ன இடத்தில் பலவகை மரங்களை நெருக்கமாக நடும், ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் வழி. சதுர மீற்றருக்கு 3 கன்று என்றாலே பரப்புக்கு 750 வேணும். வேம்பு, புங்கை, நாவல், மருது என்று கலந்து ஐப்பசி மழையோடு நடலாம். முதல் 2, 3 கோடைக்குத் தண்ணி ஊற்றினால் சரி, பிறகு அது தன்பாட்டில் வளரும்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறில்லை, சுண்ணாம்புக்கல்லில் ஊறும் மழைதான் கிணறு. தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் அங்கேதான் இறங்கும். என் வாக்கு காட்டுக்கு, உரிமையாளர் பத்து வருடத்துக்காவது எழுத்தில் தந்தால். வாயால் ‘ஓம்’ சொன்ன காணிக்குக் கீரைப்பாத்தி போதும்.