இடுப்பு எங்கே இருக்கிறது? கில்ட் புதிதாகக் கட்டுபவர்கள் சறுக்கும் இடங்கள்

ஸ்காட்லாந்து ஆண்களின் கொசுவப் பாவாடையான கில்ட்டில் புதியவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி ஒரே குழப்பத்தில் பிறக்கின்றன: இடுப்பு எங்கே இருக்கிறது? பேன்ட் இடுப்பெலும்பில் தொங்கிப் பழகிவிட்டது. கில்ட்டின் மேல்விளிம்போ தொப்புளுக்கு மேலே, விலாவை நெருங்கி நிற்க வேண்டும். ஜீன்ஸ் பட்டையில் 34 என்று இருக்கிறதே என்று அதையே ஆர்டரில் எழுதுபவருக்கு, தொப்புள் மட்டத்தில் நாடா வைத்தால் 37, 38 வருவது சர்வசாதாரணம். அளவு போதாதபோது கீழே இறக்கித்தான் கட்ட முடியும். இறக்கியதும் வரிசையாக எல்லாம் கெடுகிறது.

காரணம் தையலில் இருக்கிறது. பின்புறக் கொசுவங்கள் இடுப்பிலிருந்து பிட்டத்தின் அகலமான இடம்வரை, ஆளைப் பொறுத்து 7, 8 அங்குலம், ஒடுக்கித் தைக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழேதான் மடிப்புகள் விரிந்து ஆடும். மொத்தமும் இரண்டு அங்குலம் இறங்கினால் தைத்த பகுதி பிட்டத்தைத் தாண்டிவிடும். நடையில் ஆட்டமே இருக்காது, பலகை கட்டியது போல் விறைத்து நிற்கும். முட்டி மறையும். வெயிஸ்ட்கோட்டுக்கும் கில்ட்டுக்கும் நடுவே வெள்ளைச் சட்டை ஒரு பட்டையாக எட்டிப் பார்க்கும். எடின்பரோ கல்யாணங்களில் வாடகை கில்ட் கட்டிய மாப்பிள்ளைத் தோழர்களிடம் மாலைக்குள் இந்தப் பட்டை தெரிந்துவிடும். பழகியவர்கள் இதைச் சபையில் சொல்வதில்லை. ஓரமாக அழைத்து, "ரெண்டு அங்குலம் தூக்கி, பக்கிளை ஒரு துளை இறுக்குங்க" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். கீழ்விளிம்பு முட்டிச் சில்லின் மேல்முனைக்கும் நடுவுக்கும் இடையில் வந்துவிட்டால் போதும்.

பக்கிள்களிலும் ஒரு வரிசை உண்டு. முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் கொசுவமற்ற இரு தட்டைப் பகுதிகள்தான் ஏப்ரன்கள். உள் ஏப்ரனின் வார், இடப்பக்கம் உள்ள சிறு துளை வழியாக வெளியே வந்து இடது பக்கிளில் மாட்டும். அதன் பிறகுதான் வெளி ஏப்ரனை வலப்பக்கம் கொண்டுவந்து மேல் வாரை மாட்ட வேண்டும். பல கில்ட்களில் வலப்பக்கம் கீழே இன்னொரு வார் இருக்கும். அது துணியைப் படிய வைக்க மட்டுமே. புதியவர்கள் அதையும் மூச்சைப் பிடித்து இறுக்குவார்கள். ஏப்ரன் குறுக்கே சுருக்கம் விழும், ஓரம் கோணலாகத் தூக்கும். இன்னொன்று, கொசுவம் பின்னால், தட்டையான ஏப்ரன் முன்னால். திருப்பிக் கட்டி வருபவர்களும் உண்டு. அவரைப் பார்த்துச் சிரிக்காமல் கழிப்பறைப் பக்கம் கூட்டிப் போவதே மரியாதை.

கில்ட் பின் எனும் ஊக்கைக் குத்துவதில்தான் பணம் வீணாகும். அது வெளி ஏப்ரனின் கீழ் வலது மூலைக்கு, அந்த ஒரு துணிக்கு மட்டும் உரியது. இரண்டு ஏப்ரனையும் சேர்த்துக் குத்தினால் காற்றில் பறக்காது என்று தோன்றும். ஆனால் உட்காரும்போதும் படி ஏறும்போதும் இரண்டு அடுக்கும் வெவ்வேறு பக்கம் நகரும். நடுவில் மாட்டிய ஊக்கு கம்பளி நூலைக் கிழித்துவிடும். வேறு எதற்கு வாய் திறக்காதவர்களும் இதைக் கண்டால் உடனே சொல்லிவிடுவார்கள்.

புதிதாகத் தைத்த கில்ட்டில் கொசுவங்களின் குறுக்கே வெள்ளை நூல் ஓட்டம் இருக்கும். பயணத்தில் மடிப்பு கலையாமல் இருக்கப் போட்ட தற்காலிகத் தையல் அது. அலங்காரம் என்று நினைத்து அப்படியே அணிந்து வருவார்கள். பிரித்து எடுங்கள், ஆனால் அந்த யோசனையை மறக்காதீர்கள். இஸ்திரி போடுமுன் அதே போல ஓட்டம் போட்டுக்கொண்டு, ஈரத்துணி வைத்து, பெட்டியைத் தேய்க்காமல் அழுத்தி எடுத்தால் மடிப்பு நேராக நிற்கும்.

ஸ்போரன் என்ற இடுப்புப் பை தொடைவரை தொங்கினால் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் இடிக்கும். பெல்ட் பக்கிளுக்குக் கீழே ஒரு கை அகலம் விட்டு, நடுவில் நிற்கும்படி சங்கிலியைச் சுருக்க வேண்டும். வெயிஸ்ட்கோட் போட்டால் அகலப் பெல்ட் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் மூட்டை கட்டியது போலிருக்கும். சாதாரண சூட் கோட்டை மேலே போடுவதும் சரிவராது. அதன் நீளம் ஸ்போரனை மூடிவிடும். கில்ட் கோட்டுகள் குட்டையாக வெட்டப்படுவது அதற்காகத்தான்.

காலுறை முட்டிக்குக் கீழே மூன்று விரல் இடைவெளி விட்டு மடிய வேண்டும். காலுறையைப் பிடிக்கும் எலாஸ்டிக் மடிப்புக்குள் மறைந்து, ஃப்ளாஷ் எனும் நாடாத் துண்டு மட்டும் காலின் வெளிப்பக்கம் சற்று முன்னால் தெரிய வேண்டும். எலாஸ்டிக்கை மடிப்புக்கு மேலே மாட்டுவதுதான் வழக்கமான பிழை.

கில்லி ப்ரோக் ஷூவுக்கு நாக்கு கிடையாது, லேஸ் மிக நீளம். அந்த நீளத்தைப் பார்த்து ரோமாபுரிச் சிப்பாய் போலக் கெண்டைக்கால்வரை சுற்றி விடுவார்கள். அரைமணி நேரத்தில் வழுக்கிக் குதிகாலில் குவியும், அல்லது இரத்த ஓட்டத்தைப் பிடிக்கும். செய்ய வேண்டியது இது: லேஸை இறுக்கி ஒரு முடிச்சு, இரு நுனிகளையும் மூன்று நான்கு முறுக்கு முறுக்கி, ஒன்றரை அங்குலக் கயிறாக்கி, கணுக்காலுக்குச் சற்று மேலே பின்புறம் கொண்டுபோய்க் குறுக்கிட்டு, முன்னால் கொண்டுவந்து வெளிப்பக்கம் பூ முடிச்சு. குஞ்சம் தொங்கட்டும். அதற்கு மேல் ஏற வேண்டாம்.

உட்காருவதைப் பழக்கமின்றிச் செய்ய முடியாது. கையின் பின்புறத்தால் கொசுவத்தை ஒரு தடவை கீழ்நோக்கி வாரி, அதன் மேல் உட்கார்ந்து, ஏப்ரனைத் தொடைகளுக்கு நடுவே விட்டால் ஸ்போரனின் எடை மீதியைப் பார்த்துக்கொள்ளும். வாராமல் உட்கார்ந்தால் மடிப்பு நசுங்கும், வெறுந்தொடை நாற்காலியில் ஒட்டும்.

துணியில் சிக்கனம் பார்ப்பவர் முதல் வருடத்திலேயே இரண்டாவது கில்ட் வாங்குவார். மரபுப்படி ஒரு கில்ட்டுக்கு எட்டு கஜம் வேண்டும். அகலத் துணி நான்கு கஜத்தை நீளவாக்கில் இரண்டாக வெட்டி இணைப்பார்கள். (ஒன்பது கஜம் கட்டிய பாட்டிகளைப் பார்த்த நமக்கு இது பெரிய எண் இல்லை.) கஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளி கனமாக விழும், காற்றுக்கு அசையாது, 13 அவுன்ஸ் வருடம் முழுக்கத் தாங்கும், 10, 11 அவுன்ஸ் மடிப்பை நெடுநேரம் பிடிக்காது. எடின்பரோவின் ராயல் மைல் தெரு நினைவுப்பொருள் கடைகளின் அக்ரிலிக் கில்ட்டில் துணியும் எடையும் குறைவு. ஸ்காட்லாந்துக் காற்று அதை எங்கே கொண்டுபோகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் திருத்தினால் திருந்தும். டார்ட்டன், அதாவது கில்ட் துணியின் கட்ட வடிவம், தேர்வதில் புதியவர்களுக்கு இருப்பது பெரும்பாலும் வீண் பயம். எந்தக் குலத்தின் டார்ட்டனையும் யாரும் அணிவதைச் சட்டம் எதுவும் தடுக்கவில்லை. 1747 முதல் 1782 வரை ஹைலேண்ட் எனும் ஸ்காட்லாந்து மலைநாட்டின் ஆடையையே தடை செய்த சட்டம் இருந்தது, அது வேறு கதை. தயங்குபவருக்குப் பழகியவர்கள் சொல்லும் பதில் பிளாக் வாட்ச் டார்ட்டன். ராணுவம் அணிந்தது, யாருக்கும் பொருந்தும். அரச குடும்பத்துக்கென ஒதுக்கிய பால்மோரலை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஸ்கியன் டூ என்ற சிறு கத்தி வலக்கைக்காரருக்கு வலது காலுறையில், பிடி மட்டும் தெரியும்படி. தேசிய உடையின் பகுதியாக இதை அணிய ஸ்காட்லாந்துச் சட்டம் விலக்கு தருகிறது. விமான நிலையம் தராது. செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

ரசனைச் சண்டைகளில் பழகியவர்கள் வாய் திறப்பதில்லை. வெள்ளைக் காலுறை வாடகைக் கடை வாடை அடிக்கிறது என்று பலர் மனதுக்குள் நினைப்பார்கள், சொல்லமாட்டார்கள். சொல்பவருக்குக் 'கில்ட் போலீஸ்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். உள்ளே என்ன என்ற கேள்விக்கு நிரந்தர பதில், "ஷூவும் காலுறையும்". வாடகைக் கடைகள் உள்ளாடை போடச் சொல்கின்றன, அதைக் கேட்பதே நாகரிகம். கேள்வியோடு நிற்காமல் துணியைத் தூக்கிப் பார்க்க வரும் குடிமகன்களிடம் மட்டும் புன்னகை கிடையாது: கையைப் பிடித்து விலக்கி, ஒரே வார்த்தையில் 'வேண்டாம்'.